வேட்டைக் குடிலுக்கு மறுவாழ்வு: போடி மலைச்சரிவின் ஒரு பழைய கணக்கு

போடிநாயக்கனூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஏலக்காய்தான். ஊருக்குள் நுழையும்போதே வாசனை வந்துவிடும் என்று சொல்வார்கள். ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர், மலைத்தோட்டங்களுக்கு ஆளும் அரிசியும் அனுப்பிய ஊர், மதுரையிலிருந்து வரும் ரயில் பாதை முடிகிற ஊர். ஆனால் ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி எழுந்து நிற்கும் மலைக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. அது வேட்டையின் வரலாறு.

மலையில் தோட்டம் போட்டவர்கள் அனேகமாக வேட்டைக்காரர்களாகவும் இருந்தார்கள். வேட்டைக்குப் போனால் ராத்தங்க இடம் வேண்டும். அதற்காகக் கட்டப்பட்டவைதான் வேட்டைக் குடில்கள். கல் சுவர், தகரக் கூரை, ஒரு கணப்பு அடுப்பு, இரண்டு கட்டில், பின்னால் ஒரு சமையல்கட்டு. அவ்வளவுதான்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றுபோனது. அப்படியானால் குடில்கள் என்ன ஆயின? தாத்தா கட்டிய வேட்டைக் குடிலைப் பேரன் பழுதுபார்க்க நினைத்தால், அவன் எதைப் பழுதுபார்க்கிறான்? சுவரையா, கூரையையா, அல்லது அந்த வீட்டின் பழைய வேலையையா? ஏலமலையிலும் அதை ஒட்டிய உயர்மலையிலும் நடந்தவற்றைப் பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கிறது.

மலைக்கு முதலில் போனவர்கள்

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகுதான் இந்த மலை "கண்டுபிடிக்கப்பட்டது" என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கும். அது சரியல்ல. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே முதுவர்கள் அங்கே இருந்தார்கள்.

முதுவர்களின் பூர்வீகக் கதை மதுரையில் தொடங்குகிறது. பாண்டியர் ஆட்சி குலைந்த காலத்தில் குழந்தைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறியதால்தான் முதுவர் என்ற பெயர் வந்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். நாயக்கர்கள் போடிநாயக்கனூரைக் கைப்பற்றியபோது மேலே துரத்தப்பட்டவர்கள் என்று ஆங்கிலேயர் காலக் குறிப்புகளும் ஒரு கதையைப் பதிவு செய்திருக்கின்றன. எது எப்படியோ, போடிக்கு மேலே குரங்கணிப் பக்கம் இன்றைக்கும் முதுவாக்குடி என்று ஒரு ஊர் இருக்கிறது. கண்ணன் தேவன் மலை என்ற பெயரே அஞ்சுநாட்டுப் பக்கம் இருந்த கண்ணன் தேவன் என்ற தலைவரின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். தேயிலைப் பாக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்ப்பவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மலையின் சட்டப்படியான உரிமை பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் இருந்தது. அவர்களும் தங்களைப் பாண்டிய வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்களே. ஆக, மலைமேல் இருந்த குடிக்கும் அரசுக்கும் பூர்வீகம் கீழே மதுரைதான்!

இந்த இடத்தில்தான் ஜான் டேனியல் மன்றோ என்பவர் வருகிறார். திருவிதாங்கூர் அரசின் கீழ் ஏலமலைகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர். நல்ல வேட்டைக்காரர். வேட்டைக்காக மலைமலையாக அலைந்தவருக்கு அங்கே தோட்டம் போட்டால் என்ன என்ற எண்ணம் வந்தது. 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு அரசரிடமிருந்து சுமார் 227 சதுர மைல் நிலத்தை எழுதி வாங்கினார். முன்பணம் 5,000 ரூபாய். வருட வாடகை 3,000 ரூபாய். சதுர மைலுக்கு வருடம் சுமார் 13 ரூபாய் வருகிறது! இந்தியத் தோட்டத் தொழில் வரலாற்றில் இதைவிட மலிவாக நடந்த பேரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1879-ல் வடக்குத் திருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் என்று ஒன்று உருவானது. 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி வந்தது. காபி, சிங்கோனா எல்லாம் நட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள்.

வேட்டைக்கு ஒரு சங்கம்

தோட்டம் பெருகியது. மேனேஜர்கள் பெருகினார்கள். துப்பாக்கிகளும் பெருகின. கொஞ்ச காலத்திலேயே ஒரு விஷயம் அவர்களுக்கே புரிந்தது. ஆளாளுக்குச் சுட்டுக்கொண்டே போனால் சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதே பாடத்தை நீலகிரிக்காரர்கள் ஏற்கனவே கற்றிருந்தார்கள். 1877-ல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் தொடங்கியது. 1879-ல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புக்கு ஒரு சட்டமே வந்தது. அதே வழியில் 1895 முதல் உயர்மலையிலும் வேட்டையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உயர்மலை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்திடம் வந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் எஸ்டேட் மேனேஜர்கள். அவர்கள் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்த இடங்களில் முக்கியமானது இரவிகுளம் பீடபூமி. ஆனைமுடியை ஒட்டிய புல்வெளி. வரையாடுகளின் வீடு.

இந்தச் சங்கத்தைப் புகழவும் முடியாது, ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. அவர்கள் பாதுகாத்தது தாங்கள் சுடுவதற்காக. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சுயநலத்தினால் இரவிகுளத்தில் தேயிலை ஏறவில்லை. சுற்றியிருந்த மலைகளெல்லாம் பச்சைக் கம்பளமாக மாறியபோது அந்தப் பீடபூமி மட்டும் புல்லாகவே இருந்தது.

காவல் வேலையைச் செய்தது யார்? முதுவர்கள். சங்கம் அவர்களை வேட்டைக் காவலர்களாக வேலைக்கு வைத்தது. ஆடு எந்தப் பாறையில் நிற்கும், யானை எந்தத் தடத்தில் வரும், புல்லை எந்த மாதம் எந்தப் பக்கம் கொளுத்தினால் புதுத் தளிர் வரும் என்பதெல்லாம் அவர்கள் அறிவு. மழை முடிந்து பனி இறங்கும் நாட்களில் துண்டு துண்டாகத் தீ வைத்துப் புல்வெளியைப் புதுப்பிக்கும் முறை அங்கே நீண்டகாலம் இருந்தது. குடிலுக்கு வழி காட்டியதும், சாமான் சுமந்ததும், ஆள் இல்லாத மாதங்களில் அந்தப் பக்கம் நடந்து காவல் காத்ததும் மலை மக்கள்தான்.

சாமான் எப்படி மேலே போனது?

இதைச் சொல்லாமல் போடியின் பங்கு முழுமையாகாது. அன்றைக்கு மூணாறுக்கு இப்போதைய மாதிரி சாலை கிடையாது. மூணாறிலிருந்து குண்டளை பள்ளத்தாக்கு வழியாக 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது சிறு ரயிலாக மாறியது. ரயில் முடிந்த இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து போடிக்கு வண்டி. பிறகு ரயில் ஏறித் தூத்துக்குடி, அப்புறம் கப்பல்.

1924 வெள்ளம் அந்தச் சிறு ரயிலை அடியோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கு ரயில் பாதை வந்தது 1928-ல். இன்று மலையில் ரயிலும் இல்லை, ரோப்வேயும் இல்லை. ஆனால் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் அப்படியே இருக்கின்றன. ரயிலே வராத ஸ்டேஷன்கள்!

இந்த ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மலைக் குடிலைப் பார்க்க வேண்டும். தகரமோ கண்ணாடியோ அடுப்புக் கம்பியோ எதுவானாலும், முதலில் அடிவாரம் வர வேண்டும், பிறகு மலை ஏற வேண்டும், கடைசி மைல்களுக்கு ஆளின் தலை அல்லது மட்டக்குதிரையின் முதுகு. அதனால்தான் குடில்களைச் சின்னதாகக் கட்டினார்கள். கல்லும் மண்ணும் அங்கேயே கிடைத்தன. மற்றதெல்லாம் சுமை.

1971: கணக்கு மாறிய வருடம்

1971-ல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பயிர் செய்யாமல் கிடந்த நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம், நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்பது நோக்கம். கம்பெனி நீதிமன்றம் போனது. 1972-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இங்கே ஒரு நியாயமான சிக்கல் வருகிறது. இரவிகுளமும் பயிர் செய்யாத நிலம்தான். நிலமில்லாத ஏழைக்கு நிலம் கொடுப்பது தப்பா? தப்பில்லை. அதே சமயம் அந்தப் புல்வெளி போய்விட்டால் வரையாட்டுக்கு வேறு இடம் கிடையாது. வரையாடு உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் விலங்கு.

அப்போது இரவிகுளத்தைக் காப்பாற்றுங்கள் என்று அரசிடம் போய் நின்றவர்களில் பழைய வேட்டைச் சங்கத்துக்காரர்களும் இருந்தார்கள்! பீடபூமியை அணு அணுவாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள்தானே. 1975-ல் இரவிகுளம் - ராஜமலை சரணாலயம் ஆனது. 1978-ல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். வேட்டைச் சங்கம் தன் பெயரிலிருந்தே வேட்டையை எடுத்துவிட்டு, வனவிலங்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கம் என்று மாற்றிக்கொண்டது.

பீடபூமியின் உள்ளே இருந்த இரவிகுளம் குடில் என்ன ஆனது? அதற்குப் புது வேலை கிடைத்தது. காட்டை மேற்பார்வை பார்ப்பவர்கள் தங்கும் இடமாக ஆனது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் போய், நோட்டுப் புத்தகமும் பைனாகுலரும் வைத்திருப்பவர்கள் அந்தப் பீடபூமிக்கு வந்தார்கள். அமெரிக்க விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் 1969-லேயே இங்கு வந்து வரையாட்டைக் கவனித்து எழுதியிருந்தார். பிறகு கிளிஃபோர்ட் ரைஸ் என்ற ஆய்வாளர் 1979 முதல் 1981 வரை இரவிகுளத்தில் வரையாட்டின் வாழ்க்கையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். தமிழ்நாட்டுப் பக்கம் இ.ஆர்.சி. தாவிதார் என்ற வழக்கறிஞர் 1975 வாக்கில் வரையாடுகளைத் தேடி மலைமலையாக நடந்து கணக்கெடுத்தார். இன்று தமிழ்நாடு அரசு அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாகக் கொண்டாடுவது அவர் நினைவாகத்தான்.

பலன்? 2025-ல் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் இரவிகுளத்தில் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட வரையாடுகள் இருந்தன. வேறு எந்த ஒரு இடத்திலும் இத்தனை இல்லை.

தேக்கடியின் ஏரி மாளிகை

போடியிலிருந்து தெற்கே கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் குமுளி ஏறினால் இன்னொரு உதாரணம் கிடைக்கிறது. இது மேனேஜர்களின் குடில் அல்ல, ஒரு அரச குடும்பத்தின் வீடு.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்ததும் மலைக்குள் ஒரு பெரிய ஏரி உண்டானது. ஏரியைச் சுற்றியிருந்த காட்டைப் பார்த்துக்கொள்ள 1933-ல் எஸ்.சி.எச். ராபின்சன் என்பவர் வேட்டை விலங்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். 1934-ல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சித்திரைத் திருநாள் மகாராஜா. ஏரிக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் இடப்பாளையம் என்ற இடத்தில் அரச குடும்பத்தின் கோடைக்கால மாளிகை இருந்தது. 1950-ல் சரணாலயம் பெரிதாக்கப்பட்டுப் பெரியாறு என்ற பெயர் பெற்றது. 1978-ல் புலிகள் காப்பகமானது.

மன்னராட்சி போன பிறகு அந்த மாளிகை பூட்டிக் கிடந்து இடிந்திருக்கலாம். எத்தனையோ ஜமீன் பங்களாக்களுக்கு அதுதான் நடந்தது. இதற்கு அப்படி ஆகவில்லை. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் வந்து லேக் பேலஸ் என்ற விடுதியாக மாறியது. படகில்தான் போக வேண்டும். அறைகள் கொஞ்சம்தான். மாலை இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வராந்தாவில் உட்கார்ந்தால் எதிர்க்கரையில் யானையும் காட்டு மாடும் தண்ணீர் குடிக்க வருவதைப் பார்க்கலாம்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரவிகுளம் குடில் காசு சம்பாதிப்பதில்லை, காவலுக்குப் பயன்படுகிறது. லேக் பேலஸ் சம்பாதிக்கிறது, ஆனால் கொஞ்சம் பேருக்குத்தான் இடம். இரண்டும் நிற்கின்றன. காரணம் ஒன்றுதான். இரண்டுக்கும் தினமும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று படிப்போம். பயன்படுத்தினால் சொத்து தேயும் என்பார்கள். மலை வீட்டுக்கு மட்டும் அது தலைகீழ். பயன்படுத்தாமல் விட்டால்தான் வேகமாகத் தேயும்.

கார்பெட்டின் வீடு

குடும்ப வீடு என்று வரும்போது ஜிம் கார்பெட்டை விட்டுவிட முடியாது. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டதால் புகழ்பெற்றவர், பின்னாளில் புலிகளுக்காகப் பேசியவர். இமயமலை அடிவாரத்தில் காலாடுங்கி என்ற ஊரில் அவருடைய குளிர்கால வீடு இருந்தது. 1947-ல் அவரும் அக்காவும் கென்யாவுக்குப் போய்விட்டார்கள். 1955-ல் அங்கேயே இறந்தார். காலாடுங்கி வீடு பிறகு வனத்துறையிடம் வந்து அருங்காட்சியகமானது.

அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே அவர் குடியானவர்களைக் குடியேற்றிய சோட்டி ஹல்த்வானி கிராமம் இருக்கிறது. காட்டுப்பன்றியும் மானும் வயலுக்குள் வராமலிருக்க அவர் ஊரைச் சுற்றிக் கட்டிய கல்சுவரும் இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் வீட்டோடு சேர்த்துக் கிராமத்தையும் பார்க்கிறார்கள். வேட்டைக்காரரின் வீடு ஒரு ஊரின் கதையையும் சேர்த்துச் சொல்கிறது. இது கவனிக்க வேண்டிய விஷயம்.

பழுதுபார்ப்பது எப்படி?

போடி, கம்பம், சின்னமனூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மலைமேல் ஏலத்தோட்டம் உண்டு. தோட்டத்துக்குள் பழைய பங்களாவோ குடிலோ இருப்பதும் உண்டு. அதைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்குச் சில பொதுவான விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் கூரை. மலையில் வீட்டின் எதிரி தண்ணீர்தான். தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் விடாமல் பெய்யும். தகரத்தில் ஆணி அடித்த ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குழாய் மாதிரி. கூரை ஒழுகும்போது தரையை மெழுகுவதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது, சுவரைச் சுற்றித் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டுவது. மலைச்சரிவில் மேட்டுப்பக்கச் சுவர்தான் முதலில் ஈரம் குடிக்கும்.

மூன்றாவது, சிமெண்ட். பழைய கல் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு வருடம் வீடு புதுசாகத் தெரியும். அப்புறம் பூச்சு பாளம் பாளமாக விழும், கூடவே கல்லின் மேல்தோலும் போகும். சுண்ணாம்பு, மணல், கொஞ்சம் கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி என்று சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பது நல்லது.

நான்காவது, மரம். உத்தரமும் கைமரமும் முழுவதும் கெட்டிருக்காது. சுவருக்குள் நுழையும் முனைதான் பெரும்பாலும் உளுத்திருக்கும். அந்த முனையை மட்டும் வெட்டிப் புது மரம் இணைத்தால் போதும். மொத்தமாக மாற்றுவது காசுக்கும் கேடு, வீட்டின் வயதுக்கும் கேடு.

ஐந்தாவது, கணப்பு அடுப்பு. மாதம் ஒருமுறையாவது அதில் தீ எரிந்தால் வீடு காயும், கரையானும் பூஞ்சையும் கட்டுக்குள் இருக்கும். புகைபோக்கியில் பறவைக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பேரன்கள் பெரும்பாலும் மறந்துவிடும் பகுதி இது. பழைய வேட்டைக் குடிலின் சுவரில் காட்டு மாட்டுத் தலையோ மிளாக் கொம்போ தொங்கிக்கொண்டிருக்கலாம். மைசூரில் வான் இங்கன் கம்பெனி பாடம் செய்து கொடுத்த புலித்தோலாகக்கூட இருக்கலாம். தாத்தா சுட்டது, நம் குடும்பச் சொத்து என்று நினைத்தால் தப்பு.

1972 சட்டப்படி இப்படிப்பட்ட பொருள்களை அரசிடம் தெரிவித்து உரிமைச் சான்று வாங்கியிருக்க வேண்டும். 1991 திருத்தம் லைசென்ஸ் வேட்டையையும் முடித்து வைத்தது. வாங்காமல் விட்டவர்களுக்காக 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் முடிந்துவிட்டது. சான்று உள்ள பொருள் வாரிசுக்கு வந்தால், வாரிசு 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். வேண்டாம் என்றால் அரசிடமே ஒப்படைக்கவும் 2022 திருத்தத்தில் வழி இருக்கிறது. விற்கலாமா என்ற யோசனையே வேண்டாம்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் தோலைப் பாடம் செய்ய ஆர்செனிக் என்ற விஷத்தைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். பழைய தலையைக் குழந்தைகள் தடவி விளையாட விடக்கூடாது.

அடுத்தது நிலம். ஏலமலைக் காடு 1897-ல் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் இருப்பது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே இன்றுவரை வழக்கு! ஒரு 2 முன்னால் இருக்கிறதா இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாழ்க்கை தொங்குகிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டா கொடுப்பதற்கும் நிலத்தை வணிகத்துக்கு மாற்றுவதற்கும் இடைக்காலத் தடை விதித்தது. தவிர, ஏலமலையில் நிலம் வருவாய்த்துறைக்கு, மரம் வனத்துறைக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏலத்துக்கு மர நிழல் வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு. எனவே குடிலின் கைமரத்துக்காகத் தன் தோட்டத்திலேயே நிற்கும் மரத்தில் கோடாலி வைக்க முடியாது. கீழே இருந்துதான் மரம் வாங்கி ஏற்ற வேண்டும். தாத்தா காலத்துச் சுமை மறுபடியும்!

பழைய குடிலை ரிசார்ட் ஆக்கிச் சம்பாதிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் 2018 மார்ச் 11-ஐ நினைவில் வைக்க வேண்டும். அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் இந்த மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போவது விளையாட்டல்ல.

யார் பெயரை எழுதுவது?

வேட்டைக் குடிலைப் புதுப்பிப்பது என்றால் வேட்டையைக் கொண்டாடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அதனால் இடியட்டும் என்று விட்டுவிடச் சொல்கிறார்கள். வேறு சிலர் பழைய பெருமையை அப்படியே மீட்க வேண்டும் என்கிறார்கள், துப்பாக்கி மாட்டும் ஆணி உட்பட. மேலே பார்த்த வரலாறு இரண்டு பேருக்கும் சாதகமாக இல்லை. இரவிகுளம் பிழைத்தது பழைய வேலையை விட்டுவிட்டதால். ஆனால் பழைய அறிவை விடவில்லை. அந்த அறிவை வைத்திருந்தவர்கள் முதுவர்கள். பூங்கா ஆன பிறகும் காவலர்களாகக் காட்டில் நடப்பவர்களில் அவர்கள் பலர் இருக்கிறார்கள்.

வேட்டைக் காலத்துக் கதைகளைத் தேடினால் சுட்டவரின் பெயர் கிடைக்கும், சுட்ட விலங்கின் கொம்பு நீளம் அங்குலக் கணக்கில் கிடைக்கும். வழி காட்டியவரின் பெயர் கிடைப்பது அபூர்வம். வரவு செலவில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய கணக்கு அது. அப்படிப்பட்ட ஏட்டை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எனவே ஏலமலையில் ஒரு குடும்பம் தன் பழைய குடிலைச் சரிசெய்கிறது என்றால் செய்யட்டும். கூரையை மாற்றட்டும், சுண்ணாம்பு பூசட்டும், கொம்புகளின் கணக்கை அரசிடம் நேர் செய்யட்டும். பிறகு அந்த வீட்டுக்கு ஒரு வேலை கொடுக்கட்டும். மழை அளக்கும் இடமாகவோ, கல்லூரிப் பிள்ளைகள் வந்து தாவரம் படிக்கும் இடமாகவோ, தோட்டத் தொழிலாளியின் குழந்தைகளுக்கு ஒரு படிப்பகமாகவோ இருக்கலாம். கடைசியில் வாசலில் பலகை வைக்கும்போது தாத்தாவின் பெயருக்குக் கீழே, அவரைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவரின் பெயரையும் விசாரித்து எழுதட்டும். அந்தப் பெயர் தெரிந்த பெரியவர்கள் மலைக்குடிகளில் யாராவது இன்னும் இருப்பார்கள். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது. ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.